மின் எழுச்சிக்கு ஒரு மறுகால்

ஐப்பசி மாதத்து மாலை ஒன்றில், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி நின்ற தென்னை மரத்தில் இடி விழுந்தது. மரத்தின் குருத்து கருகிப் போயிற்று. அதே நொடியில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி, அதனோடு இணைந்த செட்டாப் பெட்டி, கேபிள் வழியாகவே வந்த இணையத்துக்கான மோடம், கணிப்பொறி ஆகிய நான்கும் செயலிழந்தன. பழுது பார்க்கவும் புதிதாக வாங்கவும் என் மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் செலவாயிற்று.

நட்டத்தைவிட அதிகமாக உறுத்தியது வேறொன்று. இந்த நான்கும் 'ஸ்பைக் கார்டு' என்ற பெயரில் விற்கப்படும், பல துளைகள் கொண்ட நீளப் பெட்டி ஒன்றில்தான் செருகப்பட்டிருந்தன. இடி, மின்னலிலிருந்து முழுப் பாதுகாப்பு என்று அதன் அட்டையில் அச்சிட்டிருந்தார்கள். நானும் அதை நம்பி வாங்கியிருந்தேன்.

மறுநாள் வகுப்பில் இதைச் சொன்னபோது, இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் எழுந்து, "சார், உங்க வீட்டுல எர்த் இருக்கா?" என்று கேட்டார்.

"மூன்று துளை பிளக் பாயிண்ட்தானே இருக்கிறது" என்றேன்.

"துளை இருக்கும் சார். அதுக்குப் பின்னால கம்பி இருக்கா?"

அவருடைய தந்தை வயர்மேன் என்பது பின்னர்தான் தெரிந்தது. அன்று மாலை அவரே வந்து, மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, பலகையைக் கழற்றிக் காட்டினார். மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பி எதுவும் இல்லை!

மின்சாரப் பாதுகாப்புக் கருவி வாங்க நினைக்கும் ஒவ்வொருவரும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அந்த மாணவரின் கேள்விதான். ஏன் என்பதைப் படிப்படியாகக் காண்போம்.

மூன்று வேறு தொல்லைகள்

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டம் ஆகும். 230 என்பது சராசரிக் கணக்கில் சொல்லப்படும் மதிப்பு. ஒவ்வொரு சுற்றிலும் மின்னழுத்தம் சுழியிலிருந்து உயர்ந்து ஏறத்தாழ 325 வோல்ட் உச்சத்தைத் தொட்டு இறங்கும். நம் கருவிகள் இதற்கேற்பவே அமைக்கப்பட்டுள்ளன.

இந்த ஒழுங்கு மூன்று விதங்களில் கெடலாம். மூன்றையும் மக்கள் 'வோல்டேஜ் பிரச்சினை' என்ற ஒரே பெயரால் அழைப்பதால்தான் தவறான கருவியை வாங்கி ஏமாறுகிறோம்.

முதலாவது, மின்னழுத்தம் மெதுவாகக் குறைவதும் கூடுவதும். மாலையில் 180 வோல்ட்டுக்கு இறங்கும். நள்ளிரவில் 250 வோல்ட்டுக்கு ஏறும். இது நிமிடக்கணக்கில், மணிக்கணக்கில் நீடிக்கும். இதற்கு மருந்து ஸ்டெபிலைசர்.

இரண்டாவது, தெருவில் நியூட்ரல் கம்பி அறுந்து போவது. அப்போது வெவ்வேறு பேஸில் உள்ள வீடுகள் 400 வோல்ட்டுக்குக் குறுக்கே தொடராக இணைந்தவை போலாகிவிடும். குறைவான மின்சாரம் பயன்படுத்திக்கொண்டிருக்கும் வீட்டில் மின்னழுத்தம் 300 வோல்ட்டையும் தாண்டும். கம்பியைச் சரி செய்யும்வரை இது நீடிக்கும். இதற்கு மருந்து, மின்னழுத்தம் எல்லை மீறியதும் வீட்டு இணைப்பைத் துண்டிக்கும் தானியங்கி ரிலே.

மூன்றாவதே மின் எழுச்சி. 'சர்ஜ்' என்பார்கள். மின்னழுத்தம் சில ஆயிரம் வோல்ட்டுகளுக்குத் திடீரென எழுந்து, விநாடியில் பத்து இலட்சத்தில் சில பத்துப் பங்குக்குள், அதாவது சில பத்து மைக்ரோ விநாடிகளில், அடங்கிவிடுகிறது. கண்ணிமைக்கும் நேரம் இதனோடு ஒப்பிட்டால் ஒரு யுகம். ஆனால் அந்தச் சிறு பொழுதிலேயே குறைகடத்திச் சில்லுகளின் மெல்லிய காப்புப் படலம் துளைபட்டுப் போகும்.

இந்த மூன்றாவது தொல்லையை ஃப்யூஸும் எம்.சி.பி.யும் தடுக்கா. எம்.சி.பி. மிக வேகமாக விழுந்தாலும் அதற்குச் சில மில்லி விநாடிகள் வேண்டும். அதற்குள் நூறு எழுச்சிகள் வந்து போய்விடலாம். ஸ்டெபிலைசரின் ரிலேயும் அவ்வளவு மெதுவானதே. ஆர்.சி.சி.பி. எனப்படும் கசிவு மின் துண்டிப்பான் மனித உயிரைக் காப்பது. ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டியது. ஆயினும் எழுச்சியைத் தடுப்பது அதன் வேலையன்று.

எழுச்சி எங்கிருந்து வருகிறது?

மின்கம்பியின் மீதே மின்னல் பாய்ந்தால் எழுச்சி வரும் என்பது சொல்லாமலே விளங்கும். ஆனால் எங்கோ விழும் மின்னலும் எழுச்சியை உண்டாக்கும். இதற்குக் காரணம் 1831-இல் மைக்கேல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மின்னலில் பாயும் மின்னோட்டம் சாதாரணமாக 30,000 ஆம்பியர் அளவில் இருக்கும். அது எழும் வேகம் மைக்ரோ விநாடிக்கு 10,000 ஆம்பியர் என்று கொள்வோம். 50 மீட்டர் தொலைவில் இது உண்டாக்கும் காந்தப்புலம் விநாடிக்கு 40 டெஸ்லா வீதத்தில் மாறும். நம் வீட்டுச் சுவர்களில் ஓடும் மின்கம்பியும் கேபிள் கம்பியும் சேர்ந்து 20 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு கண்ணியாக அமைந்தால், அதில் தூண்டப்படும் மின்னழுத்தம் 40 × 20 = 800 வோல்ட்!

தெருவில் செல்லும் மின்தொடருக்கும் தரைக்கும் இடையே உள்ள கண்ணி இன்னும் பெரிது. இரு தூண்களுக்கிடையே 40 மீட்டர், உயரம் 6 மீட்டர் எனக் கொண்டால் பரப்பு 240 சதுர மீட்டர். அதே கணக்கில் 9,600 வோல்ட் வருகிறது. இது தோராயக் கணக்குதான். எனினும், மின்னல் நம் வீட்டைத் தொடாமலே நம் கருவிகளைக் கொல்ல முடியும் என்பது இதிலிருந்து தெளிவாகும்.

மின்னல் மட்டுமின்றி, பெரிய மோட்டார்களை நிறுத்தும்போதும், மின்மாற்றிகளை இணைக்கும்போதும் துண்டிக்கும்போதும் சிறு எழுச்சிகள் தோன்றும். இவை ஒரே அடியில் கொல்லா. கருவியின் ஆயுளைச் சிறிது சிறிதாகக் குறைக்கும்.

மறுகால் பாய்வது போல

எழுச்சிக் காப்பானை 'எஸ்.பி.டி.' என்ற எழுத்துகளால் கடைகளில் குறிப்பிடுவர். எழுச்சி வரும்போது அது கதவை மூடிக்கொண்டு தடுத்து நிறுத்துகிறது என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மை இதற்கு நேர்மாறானது. அது ஒரு கதவைத் திறந்துவிடுகிறது!

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் குளங்களைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். குளத்தின் கரையில் ஓரிடத்தில் மட்டும் கரையைவிடத் தாழ்வாக ஒரு கற்கட்டு இருக்கும். இதனை மறுகால் என்போம். பிற மாவட்டங்களில் கலிங்கு என்பர். நீர்மட்டம் அந்தக் கட்டின் உயரத்தைத் தொடும்வரை அதன் வழியே ஒரு சொட்டும் போகாது. வெள்ளம் வந்து மட்டம் உயர்ந்ததும், மிகுதி நீர் அதன்மேல் வழிந்து ஓடிவிடும். கரை பிழைக்கும். மறுகால் வெள்ளத்தைத் தடுப்பதில்லை, வழி விடுகிறது.

எஸ்.பி.டி.க்குள் இந்த வேலையைச் செய்வது வாரிஸ்டர் என்னும் சிறு வில்லை. துத்தநாக ஆக்சைடுப் பொடியுடன் பிஸ்மத் ஆக்சைடு போன்ற சிலவற்றைச் சிறிதளவு கலந்து சுட்டெடுத்த பீங்கான் அது. 1960-களின் பிற்பகுதியில் ஜப்பானில் மாட்சுஷிட்டா நிறுவனத்தில் மிச்சியோ மாட்சுவோகா இதனை உருவாக்கினார். வில்லை முழுவதும் நுண்ணிய படிக மணிகளால் ஆனது. இரு மணிகள் சந்திக்கும் ஒவ்வோர் எல்லையும் ஏறத்தாழ 3 வோல்ட் வரை மின்சாரத்தைத் தடுக்கிறது. அதற்கு மேல் வழி விடுகிறது. இத்தகைய எல்லைகள் நூற்றுக்கு மேல் அடுத்தடுத்து அமைந்தால், சில நூறு வோல்ட் வரை தடுக்கும் வில்லை கிடைக்கிறது.

பள்ளியில் படித்த ஓம் விதி இங்கே செல்லாது. சாதாரண மின்தடையில் மின்னழுத்தம் 10 சதவீதம் உயர்ந்தால் மின்னோட்டமும் 10 சதவீதமே உயரும். வாரிஸ்டரில் மின்னோட்டம் மின்னழுத்தத்தின் 30-ஆம் அடுக்கு போன்ற ஒரு மதிப்புக்கு ஏற்ப உயர்கிறது. 1.1-ஐ முப்பது முறை பெருக்கிப் பாருங்கள். 17-க்கு மேல் வரும். அதாவது மின்னழுத்தம் 10 சதவீதம் உயர்ந்தால் மின்னோட்டம் 17 மடங்காகும்! ஆகவேதான் 230 வோல்ட்டில் உறங்கிக் கிடக்கும் வில்லை, எழுச்சி வந்ததும் ஆயிரக்கணக்கான ஆம்பியரைத் தன் வழியே செலுத்திவிடுகிறது.

மறுகாலில் வழிந்த நீர் போவதற்கு ஓர் ஓடை வேண்டும். ஓடையை அடைத்து வீடு கட்டிவிட்டால், மறுகால் இருந்தும் பயனில்லை. மின் எழுச்சிக்கு அந்த ஓடைதான் எர்த் கம்பி. என் வீட்டில் மறுகாலை விலை கொடுத்து வாங்கியிருந்தேன், ஓடை இல்லை.

காகம் ஏன் சாவதில்லை?

அப்படியானால் நல்ல எர்த் குழி ஒன்று போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? இங்குதான் ஒரு நுட்பம் இருக்கிறது.

மிக நல்ல எர்த் குழியின் மின்தடையும் சுழி ஆகாது. 5 ஓம் என்று கொள்வோம். அதன் வழியே 5,000 ஆம்பியர் பாய்ந்தால் ஓம் விதிப்படி 25,000 வோல்ட்! நாம் சுழி என்று நம்பியிருக்கும் எர்த் கம்பியே அந்தக் கணத்தில் 25,000 வோல்ட்டுக்கு உயர்ந்து நிற்கும். குளத்து உவமை இந்த இடத்தில் நமக்கு உதவாது. வேறோர் உவமையை நாட வேண்டும்.

உயரழுத்தக் கம்பியில் உட்கார்ந்திருக்கும் காகத்தைப் பாருங்கள். கம்பியின் மின்னழுத்தம் 11,000 வோல்ட் ஆயினும் காகத்துக்கு ஒன்றும் நேர்வதில்லை. அதன் இரு கால்களும் ஒரே மின்னழுத்தத்தில் உள்ளன. ஒரு சிறகு அடுத்த கம்பியைத் தொட்டால்தான் மரணம். கொல்வது மின்னழுத்தத்தின் உயரமன்று. இரு புள்ளிகளுக்கு இடையே உள்ள வேறுபாடே.

வீட்டுக் கருவிகளுக்கும் இதுவே விதி. பேஸ், நியூட்ரல், எர்த், கேபிள் கம்பி, தொலைபேசிக் கம்பி ஆகிய எல்லாம் ஒருசேர உயர்ந்து ஒருசேர இறங்கினால் கருவிக்குள் ஒன்றும் நேராது. எஸ்.பி.டி.யின் உண்மையான பணி, அந்தச் சில மைக்ரோ விநாடிகளுக்கு எல்லாக் கம்பிகளையும் ஒன்றாகக் கட்டிப் போடுவதுதான்.

என் வீட்டில் நடந்தது இப்போது விளங்குகிறது. மின்கம்பி வீட்டின் முன்புறமாக நுழைகிறது. கேபிள் கம்பியோ அந்தத் தென்னையை ஒட்டிப் பின்புறமாக வந்தது. இடி விழுந்ததும் கேபிளின் மின்னழுத்தம் எகிறியது. மின்கம்பியினுடையது அதே அளவு உயரவில்லை. இரண்டும் சந்தித்த இடம் தொலைக்காட்சிப் பெட்டி. ஸ்பைக் கார்டு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே காவல் நின்றுகொண்டிருக்க, திருடன் கொல்லைப்புறமாக வந்துவிட்டான். கேபிளோடு தொடர்பில்லாத மின்விசிறிகளும் ஃபிரிட்ஜும் தப்பியதற்கும் இதுவே காரணம்.

கண்ணாடி இழை வழியே இணையம் பெறுபவர்களுக்கு இந்தக் கொல்லைப்புறக் கவலை குறைவு. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது அல்லவா? ஆனால் அந்த இழையைத் தாங்க உள்ளே உலோகக் கம்பி வைத்திருந்தால், அது வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே வெட்டிவிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடையில் கேட்க வேண்டியவை

இப்போது கடைக்குப் போகலாம். எஸ்.பி.டி.யின் மீது சில எழுத்துகளும் எண்களும் பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றை வாசிக்கத் தெரிந்தால் விற்பனையாளரின் பேச்சு தேவைப்படாது. ஐ.இ.சி. 61643-11 என்னும் பன்னாட்டுத் தர எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு பின்வருவனவற்றைக் கவனியுங்கள்.

வகை: முதல் வகை, மின்னலின் நேரடிப் பங்கைத் தாங்குவது. 10/350 என்னும் நீண்ட அலையால் சோதிக்கப்படுவது. கூரையில் இடிதாங்கி உள்ள கட்டடத்துக்கு இது வேண்டும். இரண்டாம் வகை, தூண்டலால் வரும் எழுச்சிக்கானது. 8/20 என்னும் குறுகிய அலையால் சோதிக்கப்படுவது. இடிதாங்கி இல்லாத சாதாரண வீட்டின் மெயின் பலகைக்கு இது போதும். மூன்றாம் வகை, கருவியின் அருகே வைப்பது. நல்ல ஸ்பைக் கார்டுகள் இந்த இனத்தைச் சேர்ந்தவை. மூன்றாம் வகை தனியாக நின்று வீட்டைக் காக்க முடியாது. அதற்கு முன்னால் இரண்டாம் வகை இருக்க வேண்டும்.

யு.சி.: எஸ்.பி.டி. இடைவிடாமல் தாங்கக்கூடிய மின்னழுத்தம். மறுகால் கட்டின் உயரம் என்று கொள்ளலாம். 275 வோல்ட்டுக்குக் குறைந்ததை வாங்கக் கூடாது. இரவில் மின்னழுத்தம் மிக ஏறும் ஊர்களில் 320 வோல்ட் உள்ளதே நல்லது. கட்டு தாழ்வாக இருந்தால் சாதாரண நாளிலும் நீர் வழிந்து வீணாவது போல, யு.சி. குறைவாக இருந்தால் வில்லை எப்போதும் சூடாகி விரைவில் கெடும்.

யு.பி.: எழுச்சி வரும்போது எஸ்.பி.டி. கடக்க விடும் எஞ்சிய மின்னழுத்தம். இது எவ்வளவு குறைவோ அவ்வளவு நன்று. நம் ஃபிரிட்ஜ், துணி துவைக்கும் எந்திரம் போன்றவை 2,500 வோல்ட் வரையுள்ள துடிப்பைத் தாங்கும்படி அமைக்கப்படுபவை. நுட்பமான மின்னணுக் கருவிகளுக்கு 1,500 வோல்ட்டையே எல்லையாகக் கொள்வது நலம். ஆகவே யு.பி. 1,500 வோல்ட்டுக்கு மேற்படாததைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஐ.என்., ஐ.மேக்ஸ்.: எத்தனை கிலோ ஆம்பியரைத் தாங்கும் என்பன. முதல் எண் பலமுறை தாங்கக்கூடியது. இரண்டாவது ஒரு முறை தாங்கக்கூடியது. வீட்டுக்கு 20, 40 என்ற அளவுகள் தாராளம். இந்த எண் பெரிதானால் பாதுகாப்பும் பெருகும் என்று கடைக்காரர் சொல்வார். பெருகுவது எஸ்.பி.டி.யின் ஆயுள், கருவிக்குக் கிடைக்கும் பாதுகாப்பைச் சொல்வது யு.பி.யே. ஸ்பைக் கார்டின் மீது ஜூல் கணக்கில் தரப்படும் எண்ணும் இத்தகையதே. யு.பி.யோ ஜூலோ எதுவும் குறிக்கப்படாத பெட்டி வெறும் நீட்டிப்புப் பலகையாகவே இருக்கலாம்.

இணைப்பு முறை: ஒரு பேஸ் வீட்டுக்கு 1+1, மூன்று பேஸ் வீட்டுக்கு 3+1 என்று கேளுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே வாரிஸ்டரும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வாயு நிரப்பிய சிறு குழலும் இருக்கும். அந்தக் குழல் சாதாரண வேளையில் சிறிதும் கடத்தாது. ஆகவே வாரிஸ்டர் முதுமையடைந்தாலும் எர்த்துக்குக் கசிவு ஏற்படாது. சொந்த எர்த் குழி உள்ள நம் வீடுகளுக்கு இது ஏற்ற முறை. இதனை ஆர்.சி.சி.பி.க்கு முன்னால் அமைப்பது வழக்கம்.

சாளரம்: வாரிஸ்டர் ஒவ்வோர் எழுச்சியிலும் சிறிது தேய்கிறது. தேய்ந்து சூடேறினால், உள்ளேயிருக்கும் துண்டிப்பான் அதனைப் பிரித்துவிடும். பச்சையாக இருந்த சாளரம் சிவப்பாகும். சிவப்பைக் கண்டதும் உள்ளே செருகிய பகுதியை மட்டும் மாற்றினால் போதும். சாளரம் இல்லாத எஸ்.பி.டி. உயிரோடு இருக்கிறதா, இறந்துவிட்டதா என்பதை நாம் அறிய வழியில்லை.

அரை மீட்டர் விதி

நல்ல எஸ்.பி.டி.யை வாங்கியும் பலர் பயனை இழப்பது அதைப் பொருத்தும் முறையில்தான். பலகையில் இடமில்லை என்று தள்ளி ஓரிடத்தில் வைத்து, நீளமான கம்பியால் இணைத்துவிடுவார்கள். மிஞ்சிய கம்பியை அழகாகச் சுருட்டியும் வைப்பார்கள்.

நேரான கம்பிக்கும் தன் மின்தூண்டல் உண்டு. மீட்டருக்கு ஏறத்தாழ 1 மைக்ரோ ஹென்றி. அன்றாட மின்னோட்டத்துக்கு இது ஒரு பொருட்டே அன்று. ஆனால் எழுச்சியில் 8 மைக்ரோ விநாடியில் 10,000 ஆம்பியர் எழுகிறது. அப்போது கம்பியின் ஒவ்வொரு மீட்டரிலும் 1,250 வோல்ட் தோன்றும்! எஸ்.பி.டி.யின் யு.பி. 1,500 வோல்ட் என்றால், இரு பக்கக் கம்பிகளும் சேர்ந்து அரை மீட்டர் இருக்கும்போது கருவிக்குச் செல்வது 1,500 + 625 = 2,125 வோல்ட். அதே கம்பி இரண்டு மீட்டரானால் 1,500 + 2,500 = 4,000 வோல்ட். முதலாவதில் ஃபிரிட்ஜ் பிழைக்கும்; இரண்டாவதில் பிழைப்பது ஐயம். கருவி ஒன்றே, வேறுபாடு ஒன்றரை மீட்டர் கம்பி மட்டுமே.

எனவே இணைப்புக் கம்பிகள் மொத்தம் அரை மீட்டருக்குள், சுருளின்றி, நேராகச் செல்ல வேண்டும். மெயின் பலகையிலிருந்து கருவி 10 மீட்டருக்கு மேல் தள்ளியிருந்தால் அதன் அருகே மூன்றாம் வகைக் காப்பான் ஒன்றையும் சேர்ப்பது நல்லது. கேபிள் கம்பி மெயின் பலகைக்கு அருகிலேயே வீட்டுக்குள் நுழையட்டும்; அங்கே கேபிளுக்கென விற்கும் தனிக் காப்பானைப் பொருத்தி, அதே எர்த்தில் இணைத்துவிட வேண்டும்.

இந்த வேலைகள் யாவும் உரிமம் பெற்ற மின்பணியாளர் செய்ய வேண்டியவை. மாணவர்கள் தாமே பலகையைத் திறந்து பார்க்கக் கூடாது. மற்றொன்றையும் சொல்லிவிடுகிறேன். எர்த் இல்லாத வீடுகளில் சிலர் மூன்றாம் துளையை நியூட்ரலோடு இணைத்துவிடுகிறார்கள். நியூட்ரல் அறுந்தால் ஃபிரிட்ஜின் இரும்பு உடல் முழுவதும் மின்சாரம் ஏறும். இது பாதுகாப்பன்று, உயிருக்கு வைக்கும் கண்ணி.

எஸ்.பி.டி. செய்ய இயலாதவை

நியூட்ரல் அறுந்து வரும் 350 வோல்ட்டை எஸ்.பி.டி. தாங்காது. மறுகால் சில மணி நேர வெள்ளத்துக்காகக் கட்டப்பட்டது. கடலே உள்ளே வந்தால் என் செய்யும்? வில்லை சில விநாடிகளிலேயே கொதித்து, துண்டிப்பான் அதைப் பிரித்துவிடும். அதன் பிறகு கருவிகள் தனித்து நிற்கும். இதற்கென முன்பு சொன்ன ரிலே தனியாக வேண்டும்.

வீட்டின் மீதே மின்னல் பாய்ந்தால் எந்த எஸ்.பி.டி.யும் முழு உறுதி தர முடியாது. அதற்கு எல்லாவற்றிலும் எளிய வழி ஒன்று உண்டு, காசு செலவில்லாதது. மேகம் கறுத்து, தொலைவில் இடி முழங்கத் தொடங்கும்போதே பிளக்கையும் கேபிளையும் பிடுங்கிவிடுவதுதான். சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாதா என்று கேட்கலாம். சுவிட்ச் துண்டிப்பது பேஸ் கம்பியை மட்டுமே. நியூட்ரலும் எர்த்தும் இணைந்தே இருக்கும். மேலும் சுவிட்சின் உள்ளிடைவெளி சில மில்லி மீட்டர்தான். உலர்ந்த காற்று ஒரு சென்டி மீட்டருக்கு ஏறத்தாழ 30,000 வோல்ட் வரை தாங்கும். ஆகவே பிடுங்கி, ஒரு சாண் தள்ளிப் போட்ட பிளக்கைவிடச் சிறந்த காப்பான் இல்லை. ஆனால் இடி தலைக்கு மேல் வந்துவிட்ட பிறகு பிளக்கைத் தொடப் போகாதீர்கள். தொலைக்காட்சிப் பெட்டி போனால் வாங்கிக்கொள்ளலாம்.

முதலில் எதற்குச் செலவிடுவது?

கையில் இருக்கும் பணம் குறைவு என்றால் வரிசை இதுதான்: முதலில் எர்த் குழியும், ஒவ்வொரு மூன்று துளை பிளக் பாயிண்டுக்கும் எர்த் கம்பியும், அடுத்து ஆர்.சி.சி.பி.; அதன்பின் மெயின் பலகையில் இரண்டாம் வகை எஸ்.பி.டி.; கடைசியாகவே ஸ்பைக் கார்டு. நான் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்திருந்தேன். கடையில் கண்ணுக்குத் தெரியும் பொருளை வாங்கினேன். மண்ணுக்குள் மறைந்திருக்க வேண்டியதை மறந்தேன்.

மாணவரின் தந்தை எங்கள் வீட்டில் எர்த் குழி தோண்டினார். அறைக்கு அறை பச்சைக் கம்பி இழுத்தார். கேபிள்காரரிடம் சொல்லி அந்தக் கம்பியை முன்புறமாகத் திருப்பினோம். மெயின் பலகையில் எஸ்.பி.டி.யைப் பொருத்தியபோது, "அண்ணாச்சி, கம்பியை இன்னும் குறைக்க முடியுமா?" என்று கேட்டேன். "முடியும் சார், பெட்டியைக் கொஞ்சம் இறக்கி வைக்கணும்" என்று சொல்லி, இறக்கி வைத்தார். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆன செலவு, அந்த ஒரு மாலையில் நான் இழந்ததைவிடக் குறைவு.

எஸ்.பி.டி.யின் சாளரம் இன்று பச்சையாக இருக்கிறது. அது எத்தனை எழுச்சிகளுக்கு வழிவிட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வேலை செய்ததைக் காட்டிக்கொள்ளும் இயல்பு அதற்கில்லை. இப்போதெல்லாம் மின்காந்தத் தூண்டல் பாடம் நடத்தும் நாளில், வகுப்பில் ஒரு கேள்வியை வீட்டுப் பாடமாகத் தருகிறேன்: உங்கள் வீட்டு மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பி இருக்கிறதா என்று வயர்மேனிடம் கேட்டு வாருங்கள். சென்ற முறை கேட்டு வந்தவர்களில் சிலர், "இல்லை சார்" என்றார்கள்.

நீங்களும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.